கேமரா விட்டுப் பார்த்துட்டு 31 மீட்டரும் போச்சுங்கிறார்: வீடியோவை எப்படிப் படிக்கிறது?

ஈரச்சுவர் எழுதியது:

வணக்கம். சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் 60களில் கட்டின செமி-டி வீடு. பின்னால சமையலறையை முந்தைய வீட்டுக்காரர் நீட்டிக் கட்டியிருக்கார். கீழ்த்தளப் பின் கழிப்பறையில தண்ணி இறங்க நேரமாகுது, பக்கத்து ஃப்ளோர் டிராப்பில (தரை வடிகால் வாய்) குளுக் குளுக்குன்னு சத்தம். மழை பெஞ்சா இன்னும் மோசம். எட்டு மாசத்தில மூணு தடவை ஜெட் (அழுத்தத் தண்ணி) அடிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் ஆறேழு வாரம் தாங்குது, அப்புறம் திரும்ப சோக் (அடைப்பு).

போன வாரம் ஒரு காண்டிராக்டர் கேமரா விட்டார். வாட்ஸ்அப்பில 4 நிமிஷ வீடியோ அனுப்பி, "மொத்த லைனும் போச்சு, ஓரிடத்தில இடிஞ்சே கெடக்கு, 31 மீட்டருக்கும் லைனர் (குழாய்க்கு உள்ளே புது உறை) போடணும்"னு 16,800 வெள்ளிக்குக் கொட்டேஷன் கொடுத்திருக்கார்.

பின்கட்டு ஐசியில (குழாயைத் திறந்து பார்க்கிற தொட்டி) இருந்து கேமரா விட்டாங்க. வீடியோவில நான் பார்த்தது: முதல்ல பழுப்பு நிறக் குழாய். 0:30 வாக்கில மேலேயிருந்து முடி மாதிரி ஏதோ தொங்குது. 0:55லேருந்து 1:15 வரைக்கும் தண்ணிக்குள்ள, ஒண்ணும் தெரியல. 1:25ல ஒரு குதி குதிச்சு குழாய் சாம்பல் நிறமா மாறுது. 1:35ல மேல்பக்கம் காணாமப் போய் ஒரே இருட்டு, "இதுதான் இடிஞ்ச இடம்"ங்கிறார். அதுக்கப்புறம் மறுபடி சாம்பல் குழாய், கடைசியில கார் நிறுத்துற இடத்து ஐசியோட வெளிச்சம். திரையில தூரக் கணக்கு எதுவும் ஓடல.

இதை வச்சு முடிவெடுக்கலாமா? லைனர் போதுமா, தோண்டணுமா? எதுவரைக்கும் எங்க பொறுப்பு, எங்கிருந்து பியுபி (பொதுப் பயனீட்டுக் கழகம்) பொறுப்பு?

---

நீர்மட்டம் பதில்:

முதல்ல அந்த "இடிஞ்ச இடம்". குழாய் உண்மையிலேயே இடிஞ்சிருந்தா கீழே மண்ணும் ஓட்டுத் துண்டும் குவிஞ்சு கிடக்கும். தள்ளுகம்பிக் கேமரா அதைத் தாண்டிப் போகாது. முட்டி நிக்கும், இல்லேன்னா மடங்கித் திரும்பும். உங்க வீடியோவில கேமரா சிரமமே இல்லாம தாண்டிப் போய் நல்ல குழாயில ஓடுது. மேல்பாதி மட்டும் மறைஞ்சு, கீழ்ப்பாதி வாய்க்கால் மாதிரி அப்படியே தொடர்ந்தா அது பெரும்பாலும் ஒரு ஐசி. நீட்டிக் கட்டின சமையலறைத் தரைக்கு அடியில மூடி போட்டு டைல்ஸ் ஒட்டி மறைச்சிருப்பாங்க. அந்த இடத்தில வீடியோவை நிறுத்திப் பாருங்க. ரெண்டு பக்கமும் சிமென்ட் பூசின சரிவும், நடுவில அரைவட்டக் குழியும் தெரிஞ்சா சந்தேகமே வேண்டாம். (ஐசின்னா அடையாள அட்டை இல்ல, புதுசா படிக்கிறவங்களுக்குச் சொல்றேன். குழாயைத் திறந்து பார்க்கிற தொட்டி.)

நேரத்தை வச்சு உத்தேசமாத் தூரம் பார்க்கலாம். 31 மீட்டர், 240 விநாடி. விநாடிக்கு சுமார் 13 செ.மீ. அப்படின்னா 1:35ங்கிறது 12 மீட்டர் சுற்றி. பின்கட்டு ஐசியிலேருந்து டேப் பிடிச்சு 12 மீட்டர் அளந்தா எங்க வருதுன்னு பாருங்க. சமையலறைக்குள்ளதான் வரும்னு நினைக்கிறேன்.

அந்த வேகமே ஒரு குறை. இந்த அளவுக் குழாயில விநாடிக்கு 10 செ.மீ.க்கு மேல போகக் கூடாது. ஒவ்வொரு ஜாயின்ட்லயும் கிளைக்குழாய்லயும் நிறுத்தித் தலையைக் காட்டணும். எங்கேயும் நிறுத்தாமப் போனாலே அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆகும். நாலு நிமிஷத்தில முடிஞ்சுதுன்னா அவர் பார்க்க வரல, காட்ட வந்திருக்கார்.

அடுத்தது தண்ணிக்குள்ள போன இருபது விநாடி. இதுக்கு மூணு காரணம் இருக்கலாம், மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

ஒண்ணு, கேமராவுக்குச் சறுக்குச் சட்டம் மாட்டாம விட்டது. 30 மி.மீ. கேமராத் தலை 150 மி.மீ. குழாயோட அடித்தரையில உரசிக்கிட்டுப் போனா லென்ஸ் நடு 15 மி.மீ. உயரத்திலதான் இருக்கும். 20 மி.மீ. தண்ணி நின்னாலே முழுக்க முங்கிடும். குழாய் விட்டத்தில அது 13 சதவீதம்தான், ஆனா திரையில வெள்ளம் மாதிரி தெரியும். சட்டமோ பிரஷ் வளையமோ மாட்டித் தலையைக் குழாய் நடுவுக்கு உயர்த்தினா, தண்ணி எவ்வளவு ஆழம்னு கண்ணாலயே மதிப்பிடலாம்.

ரெண்டு, கீழே எங்கேயோ அடைப்பு இருந்து தண்ணி எதுத்து நிக்கிறது. அடைப்பு எடுத்துட்டா வடிஞ்சிடும்.

மூணு, குழாயே தொய்ஞ்சிருக்கிறது. அடைப்பை எடுத்து, ஃப்ளஷ் பண்ணி, 20 நிமிஷம் யாரும் தண்ணி திறக்காம விட்டுட்டுப் பாருங்க. அப்பவும் அதே நீளத்துக்குத் தண்ணி நின்னா தொய்வுதான். எந்த மீட்டர்ல முங்குது, எந்த மீட்டர்ல வெளிய வருதுன்னு குறிச்சாத் தொய்வோட நீளம் கிடைச்சிடும்.

ஆறேழு வாரத்துக்கு ஒரு தடவை சோக் ஆகுதுன்னா எனக்குத் தொய்வும் வேரும் (0:30ல முடி மாதிரி தொங்கினது) சேர்ந்த மாதிரி படுது. தொய்வில வேகம் செத்துப் பேப்பரும் எண்ணெயும் படியும். வேர் அதைப் பிடிச்சு வைக்கும்.

மறுபடி கேமரா விடச் சொல்லுங்க, வேற ஆளை வச்சு. கேட்க வேண்டியது:

தூரக்கணக்கு திரையில ஓடணும், சுழியம் வைக்கிறது ரீல்ல இல்ல, ஐசி சுவர்ல குழாய் வாயில. தொட்டிக்குள்ள கம்பி வளைஞ்சு சுருண்டா கணக்கு கூடுதலாக் காட்டும். அதனால ரெண்டு ஐசிக்கு நடுவுல டேப் அளவும் எடுத்து ஒப்பிடணும். அரை மீட்டருக்குள்ள ஒத்துப்போனா நல்லது.

தலை தானா நிமிர்ந்து நிக்கிற கேமராவா இருக்கணும். இல்லேன்னா படம் சுத்திக்கிட்டே இருக்கும். வேர் மேலேருந்து வருதா பக்கத்திலேருந்து வருதான்னே தெரியாது. இடத்தைக் கடிகார முள் மாதிரி சொல்லுவாங்க: உச்சி 12 மணி, அடி 6 மணி. "4.1 மீட்டர், ஜாயின்ட், 10லேருந்து 2 மணி வரை வேர்" - இப்படி இருக்கணும் குறிப்பு. "பைப் டேமேஜ்"னு எழுதுறது குறிப்பே இல்ல.

ரெண்டு தடவை ஓட்டணும். ஜெட் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு, அடிச்சு முடிச்சு ஒண்ணு. முதல் ஓட்டத்தில எங்க படியுதுன்னு தெரியும், ரெண்டாவதில ஏன் படியுதுன்னு தெரியும். சுத்தம் பண்ணிட்டு மட்டும் பார்த்தா பாதி சாட்சியைக் கழுவி விட்ட மாதிரி.

ரெண்டாவது ஓட்டத்தில மேல்கழிப்பறையில ஒரு குழாயைச் சன்னமாத் திறந்து விடச் சொல்லுங்க. ஓடுற தண்ணி எங்க தேங்குது, எங்க திரும்புதுன்னு அது காட்டிக் கொடுக்கும். லென்ஸ்ல எண்ணெய் ஒட்டாம இருக்கப் பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு துளி தடவிட்டு விடுவாங்க. அதுகூடச் செய்யாத ஆளா இருந்தா யோசிங்க.

கோளாறு தெரிஞ்ச இடத்தில கேமராவை நிறுத்தி, அதுல இருக்கிற 512 ஹெர்ட்ஸ் சாண்டை (சிக்னல் அனுப்புற கருவி) தரைமேலேருந்து லொக்கேட்டர் வச்சுப் பிடிச்சு, சுண்ணாம்புக் கட்டியால தரையில குறி போடணும். ஆழமும் காட்டும். சிலாப் கம்பி நெருக்கமா இருந்தா ஆழக்கணக்கு ஏமாத்தும், இடம் ஓரளவு சரியா வரும். தோண்டணும்னு வந்தா அந்தக் குறிதான் உங்க டைல்ஸைக் காப்பாத்தும்.

---

மூன்றாங்கல் பதில்:

பொறுப்பு பற்றிக் கேட்டதற்கு: உங்கள் வளாகத்துக்குள் கடைசி ஐசி வரையிலான குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு. அதைத் தாண்டிப் பொதுக் கழிவுநீர்க் குழாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது.

யார் பக்கம் கோளாறு என்று பார்க்கக் கேமராகூட வேண்டாம். சோக் ஆகியிருக்கும் நேரத்தில் கார் நிறுத்துமிடத்துக் கடைசி ஐசியின் மூடியைத் திறந்து பாருங்கள். அது நிரம்பி நின்றால் கோளாறு கீழே, பொதுக் குழாய்ப் பக்கம். உடனே கழகத்தின் 24 மணிநேர எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அது காய்ந்து கிடந்து பின்கட்டு ஐசி நிரம்பியிருந்தால் அடைப்பு இரண்டுக்கும் நடுவே, உங்கள் செலவு. மூன்று தடவை ஜெட் அடித்தும் இதை யாரும் பார்த்துச் சொல்லவில்லையா?

இன்னொன்று: கடைசி ஐசியில் இரண்டு வாய்கள் வந்து சேர்கின்றனவா? சில பழைய வரிசைகளில் பக்கத்து வீட்டுக் கழிவுநீரும் அதே குழாயில் கலக்கும். உங்கள் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டுக் கால் மணி நேரம் பாருங்கள். அப்போதும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அது உங்களுடையதல்ல. அந்த லைனில் கை வைக்குமுன் பக்கத்து வீட்டாரிடமும் கழகத்திடமும் பேசியாக வேண்டும்.

மூடியைத் திறந்து மேலிருந்து எட்டிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். உள்ளே இறங்காதீர்கள், வேலையாளையும் இறங்க விடாதீர்கள். அழுகின முட்டை நாற்றம் அடிக்கவில்லை என்பதற்காகப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் மூக்கு அதை உணர்வதையே நிறுத்திவிடும். இதற்கென்றே 2009ல் மூடிய இடங்களுக்கான பணியிடப் பாதுகாப்பு விதிமுறைகள் வந்தன. சாலையிலுள்ள பொது மேன்ஹோலை நீங்களோ உங்கள் காண்டிராக்டரோ அனுமதியில்லாமல் திறக்கவே கூடாது.

மழைக்கு மோசமாகிறது என்பது தனிக் கதை. சிங்கப்பூரில் மழைநீரும் கழிவுநீரும் வேறு வேறு பாதை. மழைநீர் கால்வாய் வழியாகப் பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்கு. கழிவுநீர் குழாய் வழியாகச் சுத்திகரிப்பு ஆலைக்கு, அங்கிருந்து ஒரு பகுதி நியூவாட்டராக (மறுசுத்திகரித்த நீர்). ஆகவே உங்கள் குழாயில் மழைநீர் நுழைகிறது என்றாலே ஏதோ தப்பு. மூன்று வழிகள்: கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை யாரோ கழிவுநீர்க் குழாயில் இணைத்திருப்பது, பின்கட்டு கல்லி டிராப் (முற்றத்து வடிகால் வாய்) திறந்தவெளியில் தரைமட்டத்துக்கு இருந்து முற்றத்துத் தண்ணீரெல்லாம் அதில் வழிவது, அல்லது பழைய ஜாயின்ட் வழியே நிலத்தடி ஈரம் கசிவது.

பிரித்தறிவது எளிது. மழை விட்ட சிறிது நேரத்திலேயே ஐசியில் ஓட்டம் குறைந்தால் முதல் இரண்டில் ஒன்று. மணிக்கணக்கில் தெளிந்த தண்ணீர் மெல்லிசாக வந்துகொண்டே இருந்தால் கசிவு. மழையில்லாத நாளில் கூரைக் குழாய் ஒவ்வொன்றிலும் சாயத்தூள் கரைத்த ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி ஐசியில் நிறம் வருகிறதா என்று பாருங்கள். ஒரு குழாய் முடிந்து நன்றாக அலசி ஓடின பிறகே அடுத்தது.

---

பாயலேபார்க்காரன் பதில்:

இவ்வளவு யோசிக்கணுமா? நல்ல பவர் ஜெட், 4,000 பிஎஸ்ஐ, வேர் வெட்டுற நாசில் போட்டு ஒரு தடவை ஒழுங்கா அடிச்சா ரெண்டு வருஷம் ஓடும். கேமராவெல்லாம் காசு பிடுங்கிற வழி.

---

நீர்மட்டம் பதில்:

@பாயலேபார்க்காரன், யூபிவிசி (பிளாஸ்டிக்) லைன்ல எண்ணெய் அடைப்புக்கு நீங்க சொல்றது சரி. இது 60கள்ல போட்ட களிமண் குழாய். அந்தக் காலத்துக் குழாயில ஜாயின்ட்டை ரப்பர் வளையம் இல்லாம சிமென்ட் கலவை அடைச்சே முடிச்சிருப்பாங்க. அது காலப்போக்கில சுருங்கி மயிரிழை வெடிப்பு விடும். உள்ளேயிருந்து கசியுற ஈரத்தைத் தேடித்தான் வேரே வருது. அந்த ஜாயின்ட்ல ஒரே இடத்தில நாசிலை நிறுத்தி 4,000 அடிச்சா மிச்சமிருக்கிற கலவையும் கரைஞ்சு போகும், வெளிய இருக்கிற மண்ணும் சேர்ந்து வரும். ஜெட் அடிச்சு முடிக்கும்போது ஐசியில மணலோ செம்மண்ணோ வந்து சேர்ந்தா அது அபாய அறிகுறி. வீட்டுக் குழாயில எங்கேயும் மண்ணுக்கு வேலை கிடையாது.

வேர் வெட்டுறது முடி வெட்டுற மாதிரி. நுனி போனா இன்னும் கிளைச்சு வரும். காப்பர் சல்ஃபேட் கொட்டலாம்னு சிலர் சொல்லுவாங்க, வேண்டாம். அது போய்ச் சேருற இடம் சுத்திகரிப்பு ஆலை, அங்க வேலை செய்யுறதே நுண்ணுயிர்தான்.

---

ஈரச்சுவர் பதில்:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வேற ஆள் வச்சு, நீங்க சொன்ன மாதிரி முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு விட்டாச்சு. சறுக்குச் சட்டம் மாட்டி, சுழியம் ஐசி 1 (பின்கட்டு ஐசி) சுவர்ல வச்சு ஓட்டினாங்க. குழாய் எல்லாம் 150 மி.மீ. குறிப்பு:

4.1 மீ. – களிமண், ஜாயின்ட், 10லேருந்து 2 மணி வேர். வெட்டியாச்சு, ஜாயின்ட்ல விலகலும் இல்ல, உடைப்பும் கிடையாது.
7.3 முதல் 9.5 மீ. – தண்ணி நிக்குது. 25 நிமிஷம் காத்திருந்தும் வடியல. நடுவில சுமார் 35 மி.மீ. ஆழம்.
11.2 மீ. – களிமண் முடிஞ்சு யூபிவிசி ஆரம்பம். அடியில ஒரு படி, சுத்தி சிமென்ட் பூச்சு.
12.6 மீ. – ஐசி 2! அடுப்பு மேடைக்கு முன்னால டைல்ஸ் அடியில. லொக்கேட்டர் குறியும் டேப்பும் 20 செ.மீ. வித்தியாசத்தில ஒத்துப்போச்சு.
12.6 முதல் 31 மீ. – யூபிவிசி, சுத்தம். 19.8ல 3 மணிப் பக்கம் முன் குளியலறை கிளை.

கடைசி ஐசி காய்ஞ்சுதான் இருக்கு, ஒரே வாய்தான் வருது. அதனால எல்லாம் எங்க தலையில.

மழைத்தண்ணி விஷயம்: கூரைக் குழாய் எதுலயும் நிறம் வரல. கல்லி டிராப்தான். முற்றத்துக்குப் புது டைல்ஸ் போட்டு உயர்த்தினதில அது குழியில மாட்டிக்கிச்சு.

இப்ப எது லைனர், எது தோண்டுறது?

---

நீர்மட்டம் பதில்:

அருமையான குறிப்பு. அப்படின்னா 16,800 வெள்ளி வேலையில 18 மீட்டருக்கு மேல நல்ல குழாய்க்குள்ள லைனர் போட இருந்தாங்க.

மீட்டர் வரிசையா வரேன்.

4.1 மீட்டர் ஜாயின்ட். குழாய் விலகல, உடையல, இறக்கம் சரியா இருக்கு. இதுக்குத் துண்டு லைனர் போதும், 60 செ.மீ. நீளம். கண்ணாடியிழைப் பாயில ரெசின் ஊற வச்சு, ஊதுற பேக்கர் மேல சுத்தி, கேமரா பார்க்கப் பார்க்க அந்த இடத்துக்குக் கொண்டுபோய், காத்தடிச்சுச் சுவரோட அழுத்தி, இறுகினதும் காத்தை இறக்கி உருவுவாங்க. ஜாயின்ட் துண்டோட நடுவில விழணும், ரெண்டு பக்கமும் சமமா. போடுறதுக்கு முன்னாடி வேர் ஒரு நார்கூட மிச்சமில்லாம வெட்டி, எண்ணெய்ப் படலம் போக ஜெட் அடிச்சு, நின்ன தண்ணியைத் துடைச்சிருக்கணும். ஓரத்தில ஒரு நார் மாட்டினாலும் அந்த இடுக்கு வழியாத் திரும்ப வரும்.

நம்ம ஊர் வெயில்ல ஒரு விஷயம் கவனிக்கணும். ரெசினைக் கலந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடும். குளிர்நாட்டு அட்டவணையில 20 டிகிரிக்குப் போட்டிருக்கிற நேரம் இங்க 32 டிகிரியில செல்லாது, பாதியிலேயே சூடேறி இறுகத் தொடங்கும். பேக்கர் இடத்துக்குப் போறதுக்குள்ள பாய் விறைச்சா மடிப்பு விழும். அந்த மடிப்பே அடுத்த சோக்குக்கு அஸ்திவாரம். நிழல்ல கலக்கணும், காலையில செய்யணும். முடிஞ்சதும் கேமரா விட்டு மடிப்பு இல்லைன்னு காட்டிட்டுத்தான் காசு வாங்கணும்.

7.3லேருந்து 9.5 வரைக்கும் தொய்வு. இங்கதான் கொட்டேஷனோட பெரிய ஓட்டை. லைனர் குழாயோட உருவத்தை அப்படியே எடுத்துக்கும். பள்ளத்தில போட்டா பள்ளமான லைனர்தான் கிடைக்கும். 3 மி.மீ. தடிப்புன்னா விட்டம் 144 ஆகுமே தவிர, 35 மி.மீ. தண்ணி அங்கேயேதான் நிக்கும். தொய்வுக்குத் தோண்டுறதைத் தவிர வழி கிடையாது.

11.2 படி. களிமண் குழாயோட சுவர் தடிப்பு, யூபிவிசியோட வெளிவிட்டம் ரெண்டும் ஒத்துப்போகாது. அதுக்குன்னே ரப்பர் கப்ளிங் இருக்கு, ரெண்டு பக்கமும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை முறுக்குறது. அதைப் போடாம சிமென்ட் பூசி விட்டிருக்காங்க. சமையலறை நீட்டும்போது நிரப்பின மண் சரியா இடிச்சு இறுக்காம அடங்கியிருக்கும், குழாயும் கூடவே இறங்கியிருக்கும். தொய்வும் படியும் ஒரே வேலையோட பிள்ளைங்க.

ஆக 7 மீட்டர்லேருந்து ஐசி 2 வரைக்கும், 5.6 மீட்டர், ஒரே பள்ளமாத் தோண்டிடுங்க. தொய்வுக்கு மட்டும் ரெண்டரை மீட்டர் தோண்டிட்டுப் படியை விட்டா காசு மிச்சமாகாது, ஜாயின்ட்தான் ஒண்ணு கூடும்.

தோண்டுறதுக்கு முன்னாடி மட்டம் எடுங்க. கொத்தனார் மட்டக்குழாய், அதான் தண்ணி நிரப்பின, உள்ளே தெரியுற பிளாஸ்டிக் டியூப், அது போதும். ஐசி 1லயும் ஐசி 2லயும் கடைசி ஐசியிலயும் அடிவாய்க்கால் ஒரே மட்டத்திலேருந்து எவ்வளவு கீழே இருக்குன்னு எழுதுங்க. 150 மி.மீ. குழாய்க்குப் பழைய கைக்கணக்கு 60க்கு 1. உங்க 5.6 மீட்டருக்கு 9 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட இறக்கம் வேணும். 31 மீட்டர் முழுசுக்கும் 52 செ.மீ. கொஞ்சம் குறைஞ்சாலும் ஓடும், ஆனா 7 மீட்டர்ல இருக்கிற குழாய் அடிக்கும் ஐசி 2 அடிக்கும் நடுவில 9 செ.மீ.க்குக் கிட்டகூட வரலேன்னா, தோண்டுறதை ஐசி 1 வரைக்கும் பின்னால நீட்ட வேண்டி வரும். அப்ப 4.1க்குத் துண்டு லைனரே தேவையில்ல. அதனாலதான் மட்டம் முதல்ல, கொட்டேஷன் அப்புறம்.

புதுக்குழாய்க்கு அடியில 10 செ.மீ. பொடிக்கல் படுக்கை, நீளம் முழுக்கக் குழாய் அதுல படுத்திருக்கணும். செங்கல் துண்டு வச்சுத் தூக்கி நிறுத்திட்டு மண்ணை மூடினா மறுபடி இதே கதைதான். மூடுறதுக்கு முன்னாடி கீழ்வாயை அடைச்சுத் தண்ணி நிரப்பிச் சோதனை, கேமரா ஒரு ஓட்டம், அப்புறம்தான் மண்ணு.

---

மூன்றாங்கல் பதில்:

ஐசி 2ஐத் திரும்பவும் டைல்ஸ் போட்டுப் புதைத்துவிடாதீர்கள். திறக்க முடியாத ஐசி இருந்தும் இல்லாததும் ஒன்று. சமையலறைக்குள் இருப்பதால் இரட்டை அடைப்பு உள்ள, காற்றுப் புகாத மூடி வேண்டும். மேல்தட்டில் டைல்ஸ் பதிக்கிற குழிமூடி கிடைக்கும், தரையோடு தரையாக இருக்கும், நாற்றமும் கரப்பானும் வராது. மூடிக்கு மேல் அலமாரி வைக்காமல் இருந்தால் சரி.

வேலையை உரிமம் பெற்ற பிளம்பர் செய்ய வேண்டும். பழையது இருந்த இடத்திலேயே அதே அளவில் மாற்றுவது ஒன்று, ஐசியை நகர்த்துவதோ பாதையை மாற்றுவதோ வேறு. பிந்தையதாக இருந்தால் வரைபடம், அனுமதி என்று போகும். தோண்டும் முன்பே கழகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுக் கழிவுநீர்க் குழாய் உங்கள் மனைக்குள் ஓடுகிறதா என்பதையும் அப்படியே உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பக்கத்தில் தோண்ட வேறு கட்டுப்பாடுகள்.

கல்லி டிராப்புக்கு வைத்தியம் எளிது. சுற்றிலும் செங்கல் கட்டை எழுப்பி, வாயை முற்றத்து டைல்ஸுக்கு மேல் உயர்த்தி, மேலே மழை படாமல் மறைப்பு. இதை முதலில் செய்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பள்ளம் தோண்டி வைத்திருக்கும் வாரத்தில் முற்றத்துத் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான் இறங்கும்.

---

மாடித்தோட்டம் பதில்:

இடையில ஒரு சந்தேகம். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக் கழிப்பறைக்கும் இப்படிக் கேமரா விடலாமா? அப்புறம் ஜொகூர் பாருவில மாமியார் வீட்டில செப்டிக் டேங்க், அதுக்கும் இதே முறைதானா?

---

நீர்மட்டம் பதில்:

வீவக வீட்டில விட அவ்வளவா இடம் கிடையாது. ஃப்ளோர் டிராப்போட வளைவிலேயே கேமரா மாட்டிக்கும். பழைய புளோக்குகள்ல உங்க டிராப்பும் கிளைக்குழாயும் கீழ்வீட்டுக் கழிப்பறை சீலிங்லதான் தொங்கும். அங்க போய் அண்ணாந்து பார்த்தா கேமரா காட்டுறதைவிட அதிகம் தெரியும். செங்குத்துப் பொதுக் குழாய்ல கோளாறுன்னா நகர மன்றத்தைக் கூப்பிடுங்க, அதில நீங்க கை வைக்கக் கூடாது.

செப்டிக் டேங்குக்கு முறை தலைகீழ். முதல்ல கேமரா இல்ல, குச்சி. டேங்க் மூடியைத் திறந்து உள்வாய், வெளிவாய் ரெண்டு பக்கமும் மட்டம் பாருங்க. தண்ணி வெளிவாய்க் குழாயோட அடிமட்டத்துக்குச் சரியா நின்னா டேங்க் நல்லாத்தான் இருக்கு, அடைப்பு வீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில. அந்தத் துண்டுக்குக் கேமரா விடலாம். மட்டம் அதைவிட ஏறி நின்னா கோளாறு வெளியேறுற பக்கம். டேங்குக்குள்ளேயே கேமராவை விடுறதில அர்த்தமில்ல, கலங்கின தண்ணியில ஒண்ணும் தெரியாது. கசடு எவ்வளவுன்னு பார்க்க நீளக் குச்சியில வெள்ளைத் துணி சுத்தி அடிவரைக்கும் இறக்கி எடுத்தா கறை சொல்லிடும். மொத்த ஆழத்தில மூணில் ஒரு பங்கு ஏறியிருந்தா உறிஞ்ச வேண்டிய நேரம். உள்வாயில தொங்குற 'டி' குழாய் உடைஞ்சு விழுந்திருக்கான்னும் பாருங்க, நிறைய வீட்டில அதுதான் காரணம். மூடியைத் திறந்து போட்டுட்டு நகராதீங்க, பிள்ளைங்க இருக்கிற வீடுன்னா இன்னும் ஜாக்கிரதை.

---

ஈரச்சுவர் பதில்:

மட்டம் எடுத்தாச்சு அண்ணா. மட்டக்குழாய்தான். ஐசி 1 அடி 52 செ.மீ., ஐசி 2 அடி 71, கடைசி ஐசி அடி 97. ஆக 12.6 மீட்டருக்கு 19 செ.மீ., மொத்தத்துக்கு 45. ஐசி 1லேருந்து தோண்டணுமா?

---

நீர்மட்டம் பதில்:

12.6க்கு 19 செ.மீ.ன்னா 66க்கு 1. மொத்தம் 69க்கு 1. கைக்கணக்கைவிடச் சன்னம்தான், ஆனா சீரா இருந்தா ஓடும். ஐசி 1லேருந்து தோண்ட வேண்டாம்னுதான் தோணுது. ஒண்ணு மட்டும் மிச்சம்: 7 மீட்டர்ல குழாய் அடி எவ்வளவு ஆழம்னு தெரியணும். சீரா இறங்கியிருந்தா 52ஓட பத்தரை சேர்ந்து 62, 63 வரணும். அந்த இடத்தில ஒரு டைல்ஸ் மட்டும் எடுத்துச் சோதனைக் குழி தோண்டி, குழாய் உச்சியிலேருந்து சுவர் தடிப்பையும் 150ஐயும் கூட்டி அளந்துக்குங்க. 63க்குள்ள இருந்தா 7லேருந்து போதும். 65ஐத் தாண்டினா தொய்வு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு, தண்ணி தேங்குற அளவுக்கு இன்னும் வரலைன்னு அர்த்தம். அப்ப 5 மீட்டர் குறி இருக்கிற இடத்துக்குப் பின்னால நகர்ந்து அங்க ஒரு குழி.

கொட்டேஷன் கேட்கும்போது இந்தக் குறிப்பை நீங்களே கொடுத்துடுங்க: 4.1ல துண்டு லைனர் ஒண்ணு, 7.0லேருந்து 12.6 வரைக்கும் தோண்டி மாத்துறது, 7.0ல ரப்பர் கப்ளிங், ஐசி 2க்குக் குழிமூடி, தண்ணிச் சோதனை, வேலைக்கு அப்புறம் தூரக்கணக்கோட வீடியோ. வரிவரியா விலை போடச் சொல்லுங்க.